சரிபார்த்தவர் கையெழுத்து

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்பளவில் சுகம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, சளி கிளி இல்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். உடம்பளவில் என்று எழுதியதைப் பார்த்துப் பயந்து உடனே போனைத் தூக்காதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, உன் அப்பாவின் முழங்கால் வலிகூட இந்த மாதம் கொஞ்சம் தேவலை. ஆனால் செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் பேயறைந்த மாதிரி நடமாடிக்கொண்டிருக்கிறேன், அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று பொங்கவிடுகிறேன். போனில் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ விடும்மா அது பழைய கதை என்று பேச்சை மாற்றிவிடுவாய், அப்புறம் உன் அப்பா போனை வாங்கி அங்கே மழையா வெயிலா என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார். அதனால்தான் கடிதம். இன்றைக்குச் சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி, நான் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த நேரத்தில் நம் சமையலறையில் வெயில் எங்கே விழும் என்பதே இருபத்தாறு வருஷமாக எனக்குத் தெரியாது, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே விழுகிறது. ஏன் கடைக்குப் போகவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன், வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே புரியும்.

சின்னவன் ஃபார்மசி காலேஜுக்கு அப்ளிகேஷன் போடுகிறான் என்று உனக்குத் தெரியும். மூன்று மாதமாக வீடு வீடாக இல்லை. சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம், நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டோம். மார்க் ஷீட், பிறந்த சான்றிதழ், தடுப்பூசி அட்டை, ரெண்டு பேரிடம் சிபாரிசுக் கடிதம், எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். போட்டோவில் ரெண்டு காதும் தெரிய வேண்டுமாம், இவன் முடியோ காதை மூடிக்கொண்டு தொங்குகிறது, நாலு தடவை எடுத்து நாலாவது தடவைதான் காது வெளியே வந்தது. கெமிஸ்ட்ரி புரொஃபசர் சிபாரிசுக் கடிதம் தருகிறேன் தருகிறேன் என்று ஐந்து வாரம் இழுத்தடித்தார், கடைசியில் நானே போய் அவர் அறை வாசலில் நின்றேன், என் முகத்தைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டார். உன் அப்பா ஸ்கேன் செய்கிறேன் பேர்வழி என்று பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைத் தலைகீழாக ஏற்றினார், இருபது மாடி லிஃப்ட்டை ரிப்பேர் செய்கிற மனுஷனுக்கு ஒரு காகிதத்தில் எது மேல் எது கீழ் என்று தெரியவில்லை. விடுமுறையில் நான் வேலை பார்க்கிற மருந்துக்கடைக்கு வந்து சின்னவன் அலமாரி அடுக்கியதற்கும் ஸ்டாக் எண்ணியதற்கும் முதலாளி கையெழுத்துப் போட்டு அனுபவச் சான்றிதழ் கொடுத்தார், அதையும் சேர்த்தோம். நான் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு பட்டியல் ஒட்டி ஒவ்வொன்றுக்கும் எதிரே ரெண்டு கட்டம் போட்டிருந்தேன், எடுத்தவர் ஒரு கட்டம், சரிபார்த்தவர் ஒரு கட்டம், கடையில் மருந்துக் கவர் லேபிளில் இருக்கிற மாதிரியே. கடையின் சட்டம் உனக்குத் தெரியாததில்லை, மாத்திரையை எடுத்தவள் ஒருத்தி, அதைத் திரும்பப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள் இன்னொருத்தியாக இருக்க வேண்டும். மத்தியானத்தில் கடையில் நான் ஒருத்திதான், அதனால் ரெண்டு கட்டத்திலும் நானே போட்டுக்கொள்வேன். இருபத்தாறு வருஷத்தில் ஒரு தப்பு கிடையாது என்று நம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எத்தனை தடவை வாய் கிழியப் பேசியிருப்பேன். நீயும் அவனும் அப்போதெல்லாம் தலையைக் குனிந்து சாப்பிடுவீர்கள். பெற்றவள் பெருமையைக் கேட்டுக் கூச்சப்படுகிறதுகள் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் முடிந்து ஒன்றுதான் பாக்கி, கட்டுரை. ஏன் இந்தத் தொழிலுக்கு வர விரும்புகிறாய், உன்னை இந்தப் பக்கம் திருப்பிய ஒரு சம்பவத்தை ஐந்நூறு வார்த்தைக்குள் எழுது என்று கேட்டிருந்தார்கள். சின்னவன் அதை மட்டும் யாருக்கும் காட்டவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே குறுகுறுப்பு. என்னைப் பற்றித்தான் எழுதுவான், வேறு யாரைப் பற்றி எழுதுவான், காலை ஷிஃப்ட் பெண்ணிடமும் அப்படித்தான் அளந்துவிட்டிருந்தேன், உங்களப் பத்தின்னா ஐந்நூறு வார்த்தை பத்தாதேக்கா என்று அவளும் ஏற்றிவிட்டாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு தாளை என் கையில் கொடுத்து, படிச்சுட்டுச் சொல்லும்மா, நீ வேண்டாம்னா வேற எழுதிடுறேன், வெள்ளிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, குளிக்கிற சத்தம் கேட்கவில்லை. நான் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒற்றுப்பிழை பார்க்க உட்கார்ந்தேன்.

எனக்குத் தெரிந்த ஒரு மருந்தாளுநர் ஒரு நாள் ஒரு தவறு செய்தார், அது அவருக்கு இன்றுவரை தெரியாது என்று ஆரம்பித்திருந்தான். பாவம் யாரோ என்று படித்துக்கொண்டே போனேன், சத்தியமாகச் சொல்கிறேன், முதல் பத்து வரிக்கு எனக்கு உறைக்கவே இல்லை, இந்த மாதிரி ஆட்களைக் கடையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுகூட நினைத்தேன். அப்புறம் மூன்று மாடி ஏறிப் போக வேண்டிய வீடு வந்தது, பூதக்கண்ணாடி வைத்திருக்கும் கணக்கு டீச்சர் வந்தார், எட்டு வயசுப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறுகிற அக்கா வந்தாள், அக்காவின் இன்னொரு கையில் ஒரு பெரிய பழுப்புக் கவர் இருந்தது என்று எழுதியிருந்தான். அந்த வரியில் சிவப்புப் பேனா நின்றுவிட்டது. அந்தக் கவரை ஒட்டியது நான்தானே. பசை காயவில்லை, மேலே ஏதாவது பாரம் வை என்று பின் அறையிலிருந்து உன்னிடம் குரல் கொடுத்தது நான்தானே. அது உன் அப்ளிகேஷன், அன்றைக்குத்தான் கடைசி நாள், ஐந்து மணிக்குள் காலேஜ் ஆபீஸ் ஜன்னலில் நேரில் கொடுக்க வேண்டிய கவர். காலடியில் தரை நழுவுவது என்று சொல்வார்களே, நான் உட்கார்ந்திருந்தேன், இருந்தும் நழுவியது.

பதினோரு வருஷத்துக்கு முந்தைய அந்த நாளை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்தேன், எல்லாம் வந்தது. காலையில் உன் காகிதங்களைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தேன், கூட்டம் இல்லாத நேரத்தில் கடைசியாக ஒரு தடவை சரிபார்க்கலாம் என்று. விரித்து வைக்க இடம் போதவில்லை. மாத்திரை எண்ணும் மேசையின் மேல் இருந்த ரெண்டு பெரிய ஜாடிகளையும் தூக்கி ஓரமாக வைத்தேன், ரத்த அழுத்த மாத்திரை ஜாடி எப்போதும் இடது பக்கம், சர்க்கரை மாத்திரை ஜாடி வலது பக்கம், ரெண்டிலும் அதே வெள்ளை, அதே சின்ன வட்டம். உன் கவரை ஒட்டி முடித்ததும் ஜாடிகளைத் திரும்ப எடுத்து வைத்தேன், இடம் மாற்றி வைத்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டே எடுப்பேன், கை தானாகப் போகும் என்று பீற்றிக்கொள்வேனே, அந்தக் கை தானாகத்தான் போயிருக்கிறது. டீச்சருக்கு ரத்த அழுத்தத்துக்குப் பதிலாகச் சர்க்கரை மாத்திரையை எண்ணிப் போட்டு, லேபிள் ஒட்டி, எடுத்தவர் சரிபார்த்தவர் ரெண்டு கட்டத்திலும் ஒரே மூச்சில் என் கையெழுத்தைக் கிறுக்கி, காலைல ஒண்ணு டீச்சர் என்று சிரித்துக்கொண்டே கொடுத்து அனுப்பியிருக்கிறேன். சர்க்கரை வியாதியே இல்லாத மனுஷிக்கு. உன் மார்க் ஷீட்டில் ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கிறதா என்று நாலு தடவை பார்த்தவளுக்கு ஜாடியின் மேல் இருந்த பெயரை ஒரு தடவை பார்க்கத் தோன்றவில்லை.

நான் பின் அறைக்குச் சாப்பிடப் போன இருபது நிமிஷத்தில் நீ தம்பியோடு கவரை எடுத்துக்கொள்ள வந்திருக்கிறாய், ஜாடிகள் இடம் மாறியிருப்பதைப் பார்த்திருக்கிறாய். அக்கா ஜாடிகளை மாற்றி வைத்தாள், நோட்டைப் புரட்டினாள், காலையிலிருந்து அந்த ரெண்டு ஜாடியிலிருந்தும் ஒரே ஒருவருக்குத்தான் போயிருந்தது என்று எழுதியிருக்கிறான். சரியான மாத்திரையை நீயே எண்ணி, கவரில் போட்டு, என் கையெழுத்தை ரெண்டு தடவை நீயே போட்டாயாம். பதினெட்டு வயசில் என் கையெழுத்தை அச்சாகப் போட எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்க வாயெடுத்து, பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டு ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டேன். பின் அறைக் கதவைத் தட்டி அம்மா இப்படி ஆகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்கு ஏன் தோன்றவில்லை என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, உன் மேல் பயங்கரக் கோபம். அப்புறம் அந்த மாசம் என்ன நடந்தது என்று நினைவுக்கு வந்தது. என்னோடு வேலை பார்த்தாளே குட்டைமுடி, குழந்தைக்குப் பெரியவர்கள் இருமல் மருந்தைக் கொடுத்துவிட்டாள் என்று வேலையை விட்டு அனுப்பினார்களே. முதலாளி பாவம் தயங்கினார், குதித்தது நான்தான். தப்புப் பண்றவளுக்கு இந்த மேசைகிட்ட நிக்கவே யோக்கியதை கிடையாது, பெத்த பொண்ணா இருந்தாலும் சரி, அம்மாவா இருந்தாலும் சரி என்று அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் உங்கள் ரெண்டு பேர் முன்னாலும் சொன்னேன். அதைக் கேட்ட பிள்ளை எப்படிக் கதவைத் தட்டும். குட்டைமுடி இப்போது எங்கே இருக்கிறாள் என்றுகூட எனக்குத் தெரியாது.

அன்றைக்கு நீ வீட்டுக்கு வரும்போது மணி ஏழேகால். கொடுத்துட்டியா என்று கேட்டேன், இல்லை என்றாய். ஏன் என்றேன், இஷ்டமில்லைம்மா, எனக்கு மருந்து வாசனையே ஒத்துக்கல என்றாய். அதற்கு நான் சொன்னதை எல்லாம் இங்கே எழுதப் போவதில்லை, உனக்கு ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கும், எனக்கும் இந்த நாலு நாளாக ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கிறது. சோம்பேறி என்றேன், என் உழைப்பையெல்லாம் குப்பையில் போட்டவள் என்றேன், அடுத்த வருஷம் போடுறேன்மா என்று நீ முனகியபோது இந்த வீட்டில் இனிமேல் அந்தப் பேச்சே கூடாது என்று உன் நுழைவுத்தேர்வுப் புத்தகங்களை எல்லாம் பழைய பேப்பர்காரருக்கு எடுத்துப் போட்டேன். நீ நின்று பார்த்துக்கொண்டிருந்தாய், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, பார் எவ்வளவு திமிர் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். அப்புறம் நீ ஊர், ஆறு எல்லாம் காட்டும் வரைபடம் வரையப் படித்து, அவ்வளவு தூரத்தில் வேலைக்குப் போனாய். அன்றிலிருந்து யார் விசாரித்தாலும் பெரியவள் ஆற்றுக்கு நீலம் அடிக்கிற வேலையில் இருக்கிறாள் என்று நக்கலாகத்தான் சொல்லி வருகிறேன். என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது, கண்ணு.

உன் அப்பாவிடம் தாளை நீட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடவில்லை, தாளை வாங்கவுமில்லை. ஒருவழியா எழுதிட்டானா என்றார். அப்போதுதான் தெரிந்தது அவருக்கும் தெரியும் என்று. அன்று சாயங்காலம் டீச்சர் வீட்டிலிருந்து உங்கள் ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்ததே அவர்தானாமே. எட்டு வயசுப் பிள்ளைக்குத் தெரியும், கட்டின புருஷனுக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. பதினோரு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே என் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிய்யா இருந்தீங்க, ஒரு நாள் சொல்லியிருக்கக் கூடாதா என்று கத்தினேன், மாடி வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அவர் கத்தவில்லை. உங்கிட்ட யாரு சொல்றது என்று மட்டும் கேட்டார். என்னைக் குத்திக்காட்டவும் இல்லை, நிஜமாகவே பதில் தெரியாத மாதிரிதான் கேட்டார். அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை, சின்னவன் மட்டும் நின்றுகொண்டே ரொட்டியைத் தின்றுவிட்டுப் போனான், அவனுக்கு எந்தக் கவலையிலும் பசி எடுக்கும்.

புதன்கிழமை மத்தியானம் முதலாளியைக் கவுன்ட்டரில் நிற்கச் சொல்லி, ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டுக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவருக்கு நான்தான் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர் வைத்தேன், ஞாபகம் இருக்கிறதா. மாதா மாதம் வந்து, மருந்துக் கவரைக் கவுன்ட்டரிலேயே பிரித்து, அந்தக் கண்ணாடியை லேபிளுக்கு மேலே பிடித்து எழுத்து எழுத்தாகப் படித்து, மாத்திரையை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார், பின்னால் வரிசை எவ்வளவு நீளமாக நின்றாலும் சரி. வீட்டுக்கு வந்து நான் அவர் மாதிரியே கண்ணைச் சுருக்கி நடித்துக் காட்டுவேன், உன் அப்பா எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன், டீச்சர் கதவைத் திறந்தார், என்னைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சா, உள்ள வா என்றார். சின்ன அறை, ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஜன்னலில் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. அந்த நாற்காலியில்தான் நீ அன்றைக்கு உட்கார்ந்திருந்தாயாம். காலையில் போட மாத்திரை தீர்ந்துபோயிருந்ததால் அவர் வீட்டுக்கு வந்த கையோடு ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறார், அதற்கு அப்புறம்தான் நீ போயிருக்கிறாய். தெருமுனை கிளினிக் நர்ஸை நீ கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்து விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வைத்ததையும், ரெண்டு மணிக்கு நன்றாக இருந்தது மூன்று மணிக்கு இறங்க ஆரம்பித்ததையும், நீ சர்க்கரைத் தண்ணீரைக் கரைத்துக் கரைத்துக் கொடுத்ததையும் சொன்னார். ஒரு நேரத்தில் எனக்கு உடம்பெல்லாம் வேர்த்து நடுங்கிடுச்சு, உன் பொண்ணு முகம் என்னைவிட வெளுத்துப் போச்சு என்றார். மூன்றரை மணிக்கு அவர் சரியாகி, கையில் கவர் வெச்சிருக்கியே, அவசர வேலையா, போயிட்டு வா, நான் நல்லாத்தான் இருக்கேன் என்று சொல்லியிருக்கிறார். அஞ்சு மணிக்கு இன்னொரு தடவை குத்திப் பார்க்கணும் டீச்சர் என்று சொல்லிவிட்டு நீ நகரவே இல்லையாம். கட்டுரையில் சின்னவனும் அதை எழுதியிருக்கிறான், அக்கா அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தாள், ஆனால் ஒரு தடவைகூடக் கவரைப் பார்க்கவில்லை, டீச்சர் முகத்தைத்தான் பார்த்தாள், அதனால்தான் நான் மருந்தாளுநர் ஆக விரும்புகிறேன் என்று. என்னைப் பார்த்து இல்லை, உன்னைப் பார்த்து.

அம்மாகிட்ட சொல்லிடாதீங்கன்னு உன் பொண்ணு கேட்டுக்கிட்டா, சரின்னேன், ஆனா இனிமே நான் பார்த்துத்தான் வாங்குவேன், அதுக்கு உங்கம்மா மூஞ்சியத் தூக்கிவெச்சுக்கக் கூடாதுன்னு நானும் கேட்டுக்கிட்டேன், நீ தூக்கித்தான் வெச்சுக்கிட்ட என்று டீச்சர் சிரித்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். ஏன் டீச்சர் அதுக்கப்புறமும் என் கடைக்கே வந்தீங்க என்று கேட்டதற்கு, வேற கடைக்கு ரெண்டு பஸ் மாறணும்மா என்றார். ஒரு விஷயம் உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும், நீ செய்தது பெரிய காரியம், அதே சமயம் பெரிய முட்டாள்தனமும்கூட. சர்க்கரை இறங்க ஆரம்பித்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும், அந்த மாத்திரை ராத்திரி வரைக்கும்கூட இழுத்துக்கொண்டு போகும், ஏதாவது ஆகியிருந்தால் உன் தலையில்தான் விடிந்திருக்கும். இதை இப்போது திட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லைதான், இருந்தாலும் திட்டாமல் இருக்க முடியவில்லை.

சின்னவன் கட்டுரையை மாற்றி எழுதத் தயாராகத்தான் இருந்தான். ஒரு மருந்தாளுநர்னுதானே போட்டிருக்கேன், யாருன்னு யாருக்குத் தெரியப்போகுது, அதுவும் வேண்டாம்னா தூக்கிடுறேன்மா என்றான். அப்படியே அனுப்பியிருக்கலாம், ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. புதன்கிழமை முழுக்க அந்த ஆசைதான் எனக்கு, உன்னிடம் பொய் சொல்வானேன். இருபத்தாறு வருஷம் கட்டிக் காத்த பெயர், முதலாளி அடுத்த மாதம் கடைப் பொறுப்பு முழுவதையும் என்னிடம் கொடுப்பதாக வேறு சொல்லியிருந்தார். சிவப்புப் பேனாவைத் திறந்து திறந்து மூடினேன். வியாழக்கிழமை காலையில் எழுந்ததும் திருத்தினேன். தாள் முழுவதிலும் ஒரே ஒரு திருத்தம்தான் செய்தேன். எனக்குத் தெரிந்த ஒரு மருந்தாளுநர் என்பதை அடித்துவிட்டு, என் அம்மா என்று எழுதினேன். சின்னவன் அதைப் பார்த்துவிட்டு, அம்மா, அனுபவச் சான்றிதழ்ல கடை பேரு இருக்கு, யாரு வேணாலும் கண்டுபிடிச்சிடுவாங்க என்றான். அதுக்குத்தான் இப்பவே போறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதலாளியிடம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன், கையெழுத்து உட்பட. அவர் வாயில் வைத்த டீயை விழுங்க மறந்துவிட்டார். கடையில் தப்பு நோட்டு ஒன்று இருக்கிறது, யார் என்ன தவறு செய்தாலும் தேதி போட்டு எழுத வேண்டும், ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம், என் பக்கம் மட்டும் வெள்ளையாக இருக்கும், புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அதைத்தான் முதலில் விரித்துக் காட்டுவேன். அந்தப் பக்கத்தில் பதினோரு வருஷத்துக்கு முந்தைய தேதியைப் போட்டு எழுதினேன். முதலாளி அதைப் படித்துவிட்டு நோட்டை மூடி வைத்தார். மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீஸில் சொல்ல வேண்டியிருக்கும்மா, அவங்க பதில் வர்ற வரைக்கும் நீ வீட்ல இரு என்றார், என் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார். மத்தியானத்தில் இனிமேல் ரெண்டு பேர் நிற்க வேண்டும் என்று அன்றைக்கே ஆள் போட்டுவிட்டார். அதனால்தான் இந்த வெயில் தொட்டிக்கு மேலே விழுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வேலை இருக்குமா போகுமா என்று தெரியாது, போனாலும் நீ அங்கிருந்து கவலைப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை, உன் அப்பா சம்பளத்தில் பட்டினி கிடக்க மாட்டோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கே அப்ளிகேஷனை அனுப்பிவிட்டோம், ஐந்து மணி வரை வைத்திருக்க எனக்கு மனசு வரவில்லை. பட்டனை நீயே அமுத்தும்மா என்றான், மாட்டேன் என்றுவிட்டேன், அவனே அமுத்தினான், வந்து சேர்ந்தது என்று ஒரு வரி பச்சையாக வந்தது, அவ்வளவுதான், பதினோரு வருஷத்துக்கு முன்னால் உனக்கு வர வேண்டிய வரி. அடுத்த மாதம் இன்டர்வியூ, அதற்குள் அவன் முடியை வெட்டச் சொல்லி நீ ஒரு வார்த்தை எழுது, நான் சொன்னால் கேட்க மாட்டான்.

உன்னிடம் சிலது கேட்க வேண்டும், பதிலைப் பூசி மெழுகாமல் எழுது. அந்தப் பழுப்புக் கவரை என்ன செய்தாய், டீச்சருக்கும் தெரியவில்லை, அப்பாவுக்கும் தெரியவில்லை, தம்பிக்கும் தெரியவில்லை. அப்புறம், ஆற்றுக்கு நீலம் அடிப்பது உனக்கு நிஜமாகவே பிடித்துத்தான் இருக்கிறதா, இல்லை எனக்குப் பயந்து கிடைத்ததை எடுத்துக்கொண்டாயா. பிடித்திருக்கிறது என்றால் எனக்கு ஆறுதல்தான், ஆனால் என் ஆறுதலுக்காக அப்படி எழுதிவிடாதே. இந்த வீட்டில் எல்லோரும் என்னிடம் எதையும் சொல்லப் பயந்தே பழகிவிட்டீர்கள், நீயாவது முதலில் ஆரம்பி, நான் கத்தினால் கத்திவிட்டுப் போகிறேன், கடிதத்தில் சத்தம் கேட்காது. நேரத்துக்குச் சாப்பிடு, விளக்கு வெளிச்சம் போதாமல் வரைந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, மருந்து எதை வாங்கினாலும் கவுன்ட்டரிலேயே பிரித்துப் பெயரைப் படித்துப் பார்த்துவிட்டு நகரு, பின்னால் எத்தனை பேர் நின்றாலும் சரி, யார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் சரி. நீ எங்கே இருந்தாலும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட ஆயுசோடு நன்றாக இருக்க வேண்டும், உன் கை தொட்டதெல்லாம் சரியாக வர வேண்டும். அப்பாவும் தம்பியும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள், அப்பா அங்கே மழையா வெயிலா என்று கேட்கச் சொன்னார்.

எழுதியதை எப்போதும் போல நானே ஒரு தடவை திரும்பப் படித்துச் சரிபார்த்துவிட்டு அனுப்பலாம் என்று எடுத்தேன், படிக்காமலேயே வைத்துவிட்டேன். கீழே ரெண்டு கட்டம் போட்டிருக்கிறேன், ஒன்றில்தான் என் கையெழுத்து இருக்கிறது. எங்கெல்லாம் தப்பாக எழுதியிருக்கிறேனோ அங்கெல்லாம் அடித்துத் திருத்தி, இன்னொரு கட்டத்தில் உன் சொந்தக் கையெழுத்தைப் போட்டு, இதையே எனக்குத் திருப்பி அனுப்பு.

எழுதியவர்: அம்மா

சரிபார்த்தவர்: